கிளாசிக், கிளாசிக்கல்: ஒரு பெயரடையும் செம்மொழித் தமிழும்

கிளாசிக், கிளாசிக்கல் என்பன ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு ஆங்கிலப் பெயரடைகள். உருவத்தில் நெருங்கியிருப்பதால் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்கப்படுகின்றன. ஆங்கிலம் பயிலும் மாணவருக்கு இது ஒரு பயன்பாட்டுச் சிக்கல். தமிழ் வரலாற்றிலோ இச்சொல் நூறாண்டுக்கும் மேலாக ஓர் உரிமைச் சிக்கலாகவே இருந்துள்ளது. எந்த மொழியைக் கிளாசிக்கல் என்று அழைப்பது என்பதைப் பொறுத்தே பல்கலைக்கழகத்தில் அம்மொழிக்குரிய இடமும், அதைக் கற்பித்தோரின் மதிப்பும், பின்னாளில் ஆய்வுக்கான அரசு உதவியும் அமைந்தன. இச்சொல்லுக்கு இணையாகத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் செம்மொழி, செவ்வியல் என்பனவாகும்.

சொற்பிறப்பு

இவ்விரு சொற்களுக்கும் மூலம் இலத்தீன் மொழியின் கிளாசிக்குஸ் என்னும் சொல். பண்டைய உரோமில் குடிமக்கள் சொத்தின் அளவுக்கு ஏற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். வகுப்பு என்னும் பொருளுடைய கிளாசிஸ் என்ற சொல்லிலிருந்து, முதல் வகுப்பைச் சேர்ந்தவர் என்னும் பொருளில் கிளாசிக்குஸ் தோன்றியது. எனவே இது தொடக்கத்தில் வரி, சொத்து, வாக்கு ஆகியவற்றோடு தொடர்புடைய சொல்லே.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவுலுஸ் கெல்லியுஸ் என்னும் உரோமானிய எழுத்தாளர் இச்சொல்லை எழுத்தாளர்களுக்கு ஏற்றிச் சொன்னார். மொழிநடையில் ஐயம் எழும்போது முதல்தர எழுத்தாளரையே சான்றாகக் கொள்ள வேண்டும், கடைநிலையில் உள்ளவரை அன்று என்பது அவர் பதிவு செய்த கருத்து. சொத்தைக் குறித்த சொல் இவ்வாறு சொல்வன்மையைக் குறிக்கத் தொடங்கியது. ஆயினும் மேல், கீழ் என்னும் வரிசை அதனுள் தங்கிவிட்டது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் பள்ளிகளில் பயிலத்தக்க முதல்தர நூல்கள் என்றால் கிரேக்க, இலத்தீன் நூல்களே என்ற நிலை இருந்தது. அதனால் முதல்தரமானது என்ற பொருளும், கிரேக்க உரோமானியப் பழமையைச் சார்ந்தது என்ற பொருளும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டன. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிளாசிக், கிளாசிக்கல் ஆகிய இரு வடிவங்களும் ஆங்கிலத்துள் நுழைந்தன. முதலில் இரண்டும் வேறுபாடின்றி வழங்கின. பின்னரே மெல்ல மெல்லப் பணி பிரித்துக்கொண்டன.

எதிர்ச்சொல்லான வெர்னாகுலர்

கிளாசிக்கல் என்னும் சொல் இந்தியாவுக்குத் தனியே வரவில்லை. வெர்னாகுலர் என்னும் எதிர்ச்சொல்லோடு சேர்ந்து வந்தது. மக்கள் வீட்டில் பேசும் மொழி என்பது வெர்னாகுலர் என்பதன் வழக்குப் பொருள். அதன் வேராகிய வெர்னா என்னும் இலத்தீன் சொல், தலைவன் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிப்பது. ஒரு சொல் முதல் வகுப்புக் குடிமகனிலிருந்தும் மற்றொன்று வீட்டடிமையிலிருந்தும் பிறந்தவை. ஆங்கிலேய அதிகாரிகள் இவ்வேர்களை எண்ணிப் பேசினர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவ்விரு சொற்களுக்கு இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு கல்வித் துறையில் வெளிப்படையாகவே இருந்தது.

1786-இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, சமற்கிருதத்தைக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் நிகரான மொழியாக ஐரோப்பிய அறிஞருக்கு அறிமுகப்படுத்தியது. அரபு, பாரசீகம் ஆகியவையும் கிளாசிக்கல் மொழிகளாக ஏற்கப்பட்டன. 1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இப்பகுப்பே நிலவியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் வெர்னாகுலர் என்ற பட்டியலில் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழிக்கும் பேச்சு வழக்கு மட்டுமே உள்ள மொழிக்கும் இந்தப் பட்டியல் வேறுபாடு காட்டவில்லை.

செந்தமிழும் கொடுந்தமிழும்

தமிழ் மரபில் மொழியின் திருத்தத்தைக் குறிக்கத் தனிச்சொல் முன்பே இருந்தது. செம்மை என்னும் பண்பிலிருந்து பிறந்த செந்தமிழ் என்ற வழக்கு தொல்காப்பியத்திலேயே உண்டு. இலக்கண நெறி வழுவாத தமிழ் செந்தமிழ் எனவும், அதிலிருந்து வேறுபட்ட வட்டார வழக்கு கொடுந்தமிழ் எனவும் சொல்லப்பட்டன. இங்குக் கொடுமை என்பது வளைவு என்னும் பொருளில் வருகிறது.

வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி (1680–1747) கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் 1822-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, செந்தமிழை உயர்ந்த வழக்கு என்று தலைப்பில் குறித்தார். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இராபர்ட் கால்டுவெல், செந்தமிழைக் குறிக்கக் கிளாசிக்கல் என்ற சொல்லையே ஆண்டார்.

ஆயினும் கால்டுவெல்லின் பயன்பாடு தமிழ் என்னும் மொழி முழுவதையும் கிளாசிக்கல் என்று அறிவித்தது ஆகாது. ஒரே மொழியின் உள்ளே இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் பிரித்துக் காட்டவே அவர் அச்சொல்லைக் கையாண்டார். செம்மொழிக் கோரிக்கையின் வரலாற்றைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

பரிதிமாற் கலைஞர்

தமிழ் கிளாசிக்கல் மொழியே என்று நேரடியாக வாதிட்டவர்களுள் முதன்மையானவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903). பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். 1902-இல் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம் அமைக்கப்பட்ட காலத்தில், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் நாட்டு மொழிகளுக்கு இடம் வேண்டுமா என்ற வினா எழுந்தது. தமிழை நீக்கும் கருத்தை மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து இவர் எதிர்த்தார்.

தமிழ்மொழியின் வரலாறு என்னும் தம் நூலில் இவர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவ முயன்றார். இத்தொடரில் மூன்று தகுதிகள் உள்ளன. தன்னைச் சூழ்ந்த மொழிகளுக்குத் தலைமை தாங்குவது உயர்மொழி. பிறமொழித் துணையின்றி இயங்க வல்லது தனிமொழி. திருத்தமும் பண்பாடும் பொருந்தியது செம்மொழி. இலத்தீனிலிருந்து வந்த ஒரு சொல்லைப் பெயர்த்துத் தருவதோடு அவர் நிற்கவில்லை. அச்சொல்லுக்கு அளவுகோல் எது என்று கேட்டு, அதைத் தமிழிலேயே வரையறுத்தார். 33 வயதில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய வாதம் நின்றுவிடவில்லை.

அவருடைய வாதத்துக்கு வலுவூட்டிய சான்றுகள் அதே காலத்தில்தான் அச்சேறிக்கொண்டிருந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் வெளியிட்டார். ஏட்டுச்சுவடியில் இருந்தவரை இந்நூல்களைக் காட்டி வாதிடுவது அரிது. அச்சில் வந்த பிறகு எவரும் எடுத்துப் படித்து ஒப்பிட முடிந்தது.

1918-ஆம் ஆண்டில் சைவ சித்தாந்த சமாசமும், அதை அடுத்துக் கரந்தைத் தமிழ்ச் சங்கமும் தமிழை உயர்தனிச் செம்மொழியாக ஏற்க வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேற்றின. 1966-இல் தேவநேயப் பாவாணர், தமிழ் உலகின் முதன்மையான கிளாசிக்கல் மொழி என்னும் தலைப்பிலேயே ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார்.

செட்டிநாட்டின் பங்கு

பல்கலைக்கழகம் தமிழை இரண்டாம் நிலையில் வைத்திருந்த காலத்தில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே தமிழ்க் கல்வியைக் காத்தவை சங்கங்களும் சபைகளும் ஆகும். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், அதன் செந்தமிழ் இதழும் இவற்றுள் முன்னோடி. காரைக்குடி, மகிபாலன்பட்டி, மேலைச்சிவபுரி, வலையபட்டி முதலிய ஊர்களை உள்ளடக்கிய செட்டிநாட்டிலும் இவ்வெழுச்சி பரவியது. கொண்டுவிற்கச் சென்ற நாடுகளில் நகரத்தார் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் வந்து சேர்ந்தது.

1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் (1881–1953) மகிபாலன்பட்டியைச் சேர்ந்தவர். தமிழ், சமற்கிருதம் இரண்டிலும் புலமை மிக்கவர். மிருச்சகடிகம் என்னும் சமற்கிருத நாடகத்தை மண்ணியல் சிறுதேர் என்ற பெயரில் தமிழாக்கினார். அரசு கிளாசிக்கல் என்று மதித்த மொழியையும், வெர்னாகுலர் என்று ஒதுக்கிய மொழியையும் ஒருசேரக் கற்ற அவர் போன்றோருக்கு, அவ்விரண்டுக்கும் இடையே இலக்கியத் தகுதியில் அப்படியொரு பிளவு இல்லை என்பது தெரிந்தே இருந்தது.

அவரிடம் பயின்றவர் மேலைச்சிவபுரியில் பிறந்த வ. சுப. மாணிக்கம் (1917–1989). காரைக்குடி அழகப்பா கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக உயர்ந்தார். தமிழ்க் காதல் என்ற அவருடைய ஆய்வு சங்க அகத்திணைக் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்தது. அகத்திணை பிறரிடம் கடன் பெறாத தமிழ் மரபு என்பதை அவ்வகை ஆய்வுகள் நிலைநாட்டின. சொந்த இலக்கிய மரபு என்னும் தகுதி பின்னாளில் அரசின் அளவுகோலில் இடம்பெற்றபோது, காட்டுவதற்கு ஆய்வுகள் ஆயத்தமாக இருந்தன.

2004-ஆம் ஆண்டு அறிவிப்பு

1967-இல் அ. கி. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, நூலின் துணைத்தலைப்பிலேயே கிளாசிக்கல் தமிழ் என்ற தொடரை இட்டார். உலக வாசகரிடையே அச்சொற்சேர்க்கை பழகியது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் சார்ச்சு எல். ஆர்ட்டு தமிழின் செம்மொழித் தகுதி குறித்து ஒரு கடிதம் எழுதினார். தொன்மை, சமற்கிருதத்தைச் சாராத சொந்த மரபு, இலக்கியத்தின் தரம், இந்தியப் பண்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்றாக இருக்கும் நிலை ஆகிய நான்கையும் அவர் காரணமாகக் காட்டினார்.

2004 அக்டோபர் 12 அன்று இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அத்தகுதியை இவ்வாறு முறைப்படி முதலில் பெற்ற இந்திய மொழி தமிழே. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையான நூல்கள், தலைமுறைகள் அருஞ்செல்வமாகக் கருதும் பழைய இலக்கியத் தொகுதி, பிற மொழிச் சமூகத்திடமிருந்து பெறாத சொந்த இலக்கிய மரபு ஆகியவை அப்போதைய அளவுகோல்கள்.

2005 நவம்பரில் சமற்கிருதம் அறிவிக்கப்பட்டபோது பழமைக்கான வரம்பு 1500 முதல் 2000 ஆண்டுகள் என உயர்த்தப்பட்டது. பழைய மொழி அதன் இக்கால வடிவத்திலிருந்து வேறுபட்டிருக்கும், இடையே தொடர்ச்சி அறுந்தும் இருக்கலாம் என்ற கருத்தும் சேர்க்கப்பட்டது. கிளாசிக்கல் என்னும் சொல்லின் ஐரோப்பிய வரலாறு இங்கே வெளிப்படுகிறது. இலத்தீன் இன்று எவருக்கும் தாய்மொழி அன்று. தமிழோ சங்க இலக்கிய மொழியாகவும், இன்று சந்தையில் விலை பேசும் மொழியாகவும் ஒருங்கே இருப்பது. தொடர்ச்சி அறாத ஒரு மொழியும் கிளாசிக்கல் ஆகலாம் என்பதைத் தமிழின் நிலை உணர்த்துகிறது.

2008-இல் கன்னடமும் தெலுங்கும், 2013-இல் மலையாளமும், 2014-இல் ஒடியாவும் இத்தகுதி பெற்றன. 2024 அக்டோபர் 3 அன்று மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஆகிய ஐந்தும் சேர, எண்ணிக்கை 11 ஆனது. அளவுகோல்களும் திருத்தப்பட்டன, சொந்த இலக்கிய மரபு என்னும் விதி கைவிடப்பட்டது. பரிதிமாற் கலைஞர் தனிமொழி என்று வலியுறுத்திய தகுதி, பட்டியலில் இன்று தேவைப்படாத ஒன்றாகிவிட்டது. அரசு வழக்கில் ஒரு பெயரடையின் பொருள் இருபது ஆண்டில் எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

கம்பராமாயணம் செவ்விலக்கியமா?

2006-இல் மைசூரில் தொடங்கி 2008-இல் சென்னைக்கு மாற்றப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், 41 பழந்தமிழ் நூல்களைத் தன் ஆய்வுக்கு எல்லையாகக் கொண்டது. தொல்காப்பியம், எட்டுத்தொகை நூல்கள் 8, பத்துப்பாட்டு நூல்கள் 10, பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் 18, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல் ஆகியவை அவை. கி.பி. 600-க்கு முற்பட்ட தமிழே இங்குச் செம்மொழித் தமிழ்.

இப்பட்டியலில் கம்பராமாயணம் இல்லை. காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியது முதல், ஆண்டுதோறும் கம்பனுக்கு விழா எடுத்துவரும் பகுதி செட்டிநாடு. அங்குள்ள மாணவர் ஒருவர், கம்பன் செவ்விலக்கியம் ஆக மாட்டானா என்று கேட்டால் வியப்பில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஆங்கிலத்தின் இரட்டை வடிவமே உதவுகிறது. காலத்தைக் கடந்து நின்று, தன் வகைக்கு அளவுகோலாக விளங்கும் படைப்பு கிளாசிக். வரையறுத்த ஒரு பழங்காலத்தையோ மரபையோ சார்ந்தது கிளாசிக்கல். கம்பராமாயணம் ஐயத்துக்கு இடமின்றி ஒரு கிளாசிக். நிறுவனத்தின் கால வரையறைப்படி அது கிளாசிக்கல் தமிழ் நூல் அன்று. முன்னது தரத்தைப் பற்றிய தீர்ப்பு, பின்னது காலத்தைப் பற்றிய பகுப்பு. தமிழில் செவ்வியல் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், பட்டியலில் இல்லாத நூல் தரத்தில் குறைந்தது என்ற தவறான எண்ணம் எழுகிறது.

இசையிலும் ஆடலிலும்

மேலை இசையில் கிளாசிக்கல் என்பது குறுகிய பொருளில் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான, ஐடன், மோட்சார்ட்டு ஆகியோரின் காலத்தைக் குறிக்கும். விரிந்த பொருளில் முறையாகப் பயிலப்படும் கலையிசை முழுவதையும் குறிக்கும். தென்னிந்தியாவில் கருநாடக இசையைக் கிளாசிக்கல் என்று வழங்குவது இவ்விரிந்த பொருளில்தான். அம்மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் இல்லை என்ற குறை தமிழிசை இயக்கமாக உருவெடுத்தது. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் அதற்கு ஆதரவளித்தார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இங்கும் வினா ஒன்றே: செவ்வியல் என்ற மதிப்பு எம்மொழிப் பாட்டுக்கு உரியது?

ஆடலில் இச்சொல் ஒருபுறம் உயர்த்தியது, மறுபுறம் விலக்கியது. சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய ஆட்டம் 1930-களில் பரதநாட்டியம் என்னும் பெயரோடு செவ்வியல் கலையாக மேடையேறியது. அதைத் தலைமுறையாகக் காத்துவந்த பெண்களில் பலருக்கு அந்த மேடையில் இடம் கிடைக்கவில்லை.

பயன்பாட்டு வேறுபாடு

செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கொண்டே இவ்வேறுபாட்டை விளக்கலாம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக நீண்டு, பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்ட வீட்டைக் கிளாசிக் செட்டிநாட்டு வீடு எனலாம். அவ்வகைக்கு அது மாதிரியாக அமைகிறது என்பது பொருள். அதே வீட்டின் வெளி முகப்பில் கிரேக்க உரோமானியப் பாணியில் இலைவேலைத் தலைப்புடைய தூண்கள் இருப்பின், அவை கிளாசிக்கல் தூண்கள். அவை ஒரு பழைய மரபைச் சார்ந்தவை என்பது பொருள். ஒரே வீட்டில் இரண்டு சொற்களும் வெவ்வேறு இடத்தில் பொருந்துகின்றன.

கிளாசிக் வரும் இடங்கள்: தக்க சான்றுக்குக் கிளாசிக் எடுத்துக்காட்டு. பலரும் வழக்கமாகச் செய்யும் பிழைக்குக் கிளாசிக் தவறு. காலம் கடந்து நிற்கும் படத்துக்குக் கிளாசிக் திரைப்படம். இது பெயர்ச்சொல்லாகவும் வரும். ஒரு நாவலை ஒரு கிளாசிக் என்று சொல்லலாம்.

கிளாசிக்கல் வரும் இடங்கள்: கிளாசிக்கல் மொழி, கிளாசிக்கல் இசை, கிளாசிக்கல் நடனம். இயற்பியலில் குவாண்டம் கொள்கைக்கு முற்பட்ட நியூட்டன் வழி இயக்கவியல் கிளாசிக்கல் இயக்கவியல். உளவியலில் பாவ்லோவின் ஆய்வோடு தொடர்புடைய பழக்குதல் கிளாசிக்கல் வகை. பொருளியலில் ஆடம் சுமித், ரிக்கார்டோ ஆகியோரின் சிந்தனை கிளாசிக்கல் பொருளியல். இவை அனைத்திலும் புகழுரை இல்லை. எந்த மரபு, எந்தக் காலம் என்ற சுட்டே உள்ளது.

ஐயம் எழும்போது எளிய வினா ஒன்று உதவும். சொல்ல வருவது பாராட்டா, பகுப்பா? பாராட்டு அல்லது மாதிரி எனில் கிளாசிக். மரபு அல்லது காலப் பகுப்பு எனில் கிளாசிக்கல். கிளாசிக்கல் தவறு, கிளாசிக்கல் எடுத்துக்காட்டு என்பன வழுவாகும்.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காக்க, காலத்தையும் மரபையும் சார்ந்தவற்றுக்குச் செவ்வியல் என்றும், தரத்தால் நிலைபெற்றவற்றுக்குப் பேரிலக்கியம், அழியாப் படைப்பு போன்ற சொற்களும் வழங்கலாம். அவ்வாறு பிரித்தால் கம்பனும் பாரதியும் பட்டியலில் இல்லை என்பதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. செம்மொழி என்பது தமிழின் ஒரு காலப்பகுதிக்கு ஆய்வுலகம் தந்த பெயர். அம்மொழியின் பெருமை அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை.